நாலாம் கட்டில் கேஸ்

சாவி இடுப்பில்தான் இருக்கிறது. புரண்டு படுத்தால் விலாவில் குத்துகிறது. இதை எப்படி எடுத்துக்கொண்டு வந்தேன் என்றுதான் விளங்கவில்லை. விடியற்காலை கிளம்பும்போது ஆணியிலிருந்து எடுத்தது ஞாபகம் இருக்கிறது, போகிற வழியில் பாக்கியம் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, தெருமுனையில் பஸ் வெளிச்சம் தெரிந்ததும் ஓடினது, ஏறினதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது எல்லாமே ஞாபகம் இருக்கிறது, சாவி மட்டும் நடுவில் எங்கேயோ விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் முட்டை வைத்திருக்கிற அறையின் சாவி. பாக்கியம்தான் சமையலர், நான் உதவியாளர். பன்னிரண்டே காலுக்கு மணி அடித்தால் இருநூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள், சாதம் இருக்கும், குழம்பு இருக்கும், முட்டை பூட்டின அறைக்குள் இருக்கும், நான் இங்கே படுத்திருப்பேன். போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் வாசலிலேயே போனை வாங்கி ஒரு ட்ரேயில் போட்டுவிட்டார்கள். பரீட்சை நடக்கிற ஹாலுக்குள் போன் கூடாது. பரீட்சை கொடுக்க வந்தவர்களுக்கு மட்டும் இல்லை, படுக்க வந்த எங்களுக்கும்தான். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி வருஷம் பேப்பரில் எழுதுகிறது பாதிப் பரீட்சை. மீதிப் பாதி இந்த ஹாலில். ஆறு கட்டில், ஆறு நோயாளி, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று சீட்டுக் குலுக்கி விடுவார்கள், முக்கால் மணி நேரத்துக்குள் விசாரித்து, தொட்டு, தட்டி, குழாய் வைத்துக் கேட்டு, இந்த ஆளுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கேஸ் என்று பேர். நான் நாலாம் கட்டில் கேஸ், எட்டு வருஷமாக.

எனக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. மைட்ரல் என்று அதற்குப் பேர். இங்கிலீஷில் என் பேரை எழுதத் தெரியாது, ஆனால் இந்தக் கட்டிலில் படுத்துப் படுத்து ஒரு முப்பது நாற்பது வார்த்தை காதில் ஊறிவிட்டது, மர்மர் என்றால் நெஞ்சுக்குள் கேட்கிற உருட்டல், பல்ஸ் என்றால் மணிக்கட்டில் ஓடுகிற துடிப்பு, ரெகுலர் என்றால் அது ஒழுங்காக ஓடுகிறது. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது, ஒரு முட்டி வீங்கி அது வற்றி இன்னொரு முட்டி வீங்கி, வீட்டில் கசாயம் வைத்துக் கொடுத்தார்கள், பரீட்சை அது பாட்டுக்கு நடந்து முடிந்தது, பிறகு யாரும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்று சொல்லவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல்தான் வால்வைத் தின்றுவிட்டது என்று இருபது வருஷம் கழித்து இங்கே சொன்னார்கள். சொன்னவர் வெள்ளைச் சுவரில் கரியால் வரைகிற மாதிரி ஒரு தாளில் கதவு மாதிரி இரண்டு கோடு போட்டுக் காட்டினார். எந்தக் காய்ச்சலால் பரீட்சை எழுதவில்லையோ அதே காய்ச்சலால் இப்போது மற்றவர்கள் எழுத நான் படுக்கிறேன், இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், சுடலைமணி அண்ணாச்சியிடம் ஒரு தடவை சொன்னேன், அவர் சிரிக்கவில்லை, "அப்ப நீதான் கேள்வித்தாளு, நான் வயித்துக் கேள்வித்தாளு" என்றார். அண்ணாச்சி அஞ்சாம் கட்டில். கல்லீரல். வயிற்றில் நீர் கட்டி எட்டு மாதக் கர்ப்பம் போல இருக்கும், அதைத் தட்டித் தட்டி நீர் எந்தப் பக்கம் நகருகிறது என்று பிள்ளைகள் பார்ப்பார்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் பச்சைத் திரை ஒன்று.

காலையில் முகிலன் டாக்டர் வந்தார். மேல்படிப்புப் படிக்கிறவர், எங்களைப் போன் போட்டு வரவழைக்கிற வேலை அவருடையது. "என்னக்கா, போன வருஷம் மாதிரிதானே, புதுசா ஒண்ணும் இல்லையே" என்றார். ஒரு காதில் குழாய், இன்னொரு காதிலிருந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டு யாரிடமோ ஆறாம் கட்டிலுக்கு ஆள் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒண்ணுமில்ல சார் என்றேன். அவர் போன வருஷத் தாளைப் பார்த்து இந்த வருஷத் தாளில் எழுதினார். ஒண்ணுமில்ல என்று ஏன் சொன்னேன். கேட்ட வேகத்துக்குச் சொன்னது அது. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், யோசித்தேன் என்றுகூடச் சொல்லலாம், மூன்று வாரமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டிக்குள் மாட்டின தவிட்டுக்குருவி மாதிரி திடீரென்று உள்ளே ஒன்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நின்றதும் நான் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வேன். இன்றைக்குப் பஸ்ஸில் வந்தது இன்னும் நிற்கவில்லை என்று தோன்றுகிறது, தோன்றுகிறதா அல்லது நிஜமா என்று கவனிக்கப் போனால் சாவி குத்துகிறது. பாக்கியத்துக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். முட்டையை இந்நேரம் அவித்திருக்க வேண்டும்.

முதலில் வந்த பையன் பனைமரம் மாதிரி உயரம். வந்து உட்கார்ந்ததும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து, "அம்மா, உங்களுக்கு என்ன கேஸ், கொஞ்சம் சொல்லிடுங்களேன்" என்றான். இது இங்கே வழக்கம்தான். எங்களுக்குள் இதற்கு முறை உண்டு, அண்ணாச்சி வகுத்தது, கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் சொல்லாதே, அழுதால் இரண்டு தடவை சொல்லு. நான் சொன்னேன். மைட்ரல், சுருக்கம், பல்ஸ் ரெகுலர், மர்மர் இடது மார்புக்குக் கீழே, சாய்ந்து படுத்தால் நன்றாகக் கேட்கும். அவன் கடகடவென்று எழுதிக்கொண்டான். எழுதின பிறகுதான் என் கையைப் பிடித்தான், பத்து நொடி பிடித்திருப்பான், குழாயை வைத்தான், தலையை ஆட்டினான், தாளைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான் என்று சொல்ல வேண்டும். பிறகு பரீட்சை எடுக்கிற சார்கள் வந்து கேட்டபோது ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். நன்றாகச் செய்தான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தால் தட்டோடு நிமிர்ந்து பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ. இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் ஒரு மேடம் ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று வந்தார், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வகுப்பில் பாடம் எடுத்தும் மீதிப் பேருக்கு நேரே நோயாளியிடம் உட்காரவைத்தும் சொல்லிக்கொடுத்தார்களாம், எது மனதில் நிற்கிறது என்று பார்க்கிறார்களாம். எங்களுக்கும் ஒரு தாள், தமிழில்தான். மாணவர் தன் பெயரைச் சொன்னாரா, தொடுமுன் அனுமதி கேட்டாரா, வலிக்காமல் தொட்டாரா. ஒன்பதாவது கேள்வி, உங்கள் நோய் என்ன என்று நீங்களே மாணவரிடம் சொன்னதுண்டா. எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. நான் ஒருபோதும் இல்லை என்பதில் டிக் அடித்தேன். அண்ணாச்சியும் அதில்தான் அடித்தார். பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன், அந்தத் தாள் எங்கே போயிருக்கும், என் பொய்யையும் சேர்த்துக் கூட்டி வகுத்து ஏதோ ஒரு விடை கண்டுபிடித்திருப்பார்கள், அந்த விடையை வைத்து யாரோ பாடம் நடத்துவார்கள், அதில் எனக்கு எவ்வளவு பங்கு. ஒரு அரிசி அளவு இருக்குமா.

மணி அடித்தது. அடுத்த பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு வருகிறாள். வெள்ளைக் கோட்டு, தலையில் சாம்பல் நிற முக்காடு, கையில் சுத்தியல், டார்ச், இன்ச் டேப், எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைக்கிறாள், ஒன்று உருண்டு விழுகிறது, எடுக்கிறாள். கை குளிர்ந்திருக்கும் என்று இரண்டு உள்ளங்கையையும் உரசிக்கொள்கிறாள். "என் பேர் ரிஸ்வானாம்மா. ஃபைனல் இயர். உங்கள விசாரிச்சு, உடம்பத் தொட்டுப் பார்க்கணும். பார்க்கலாமா?" மேடத்தின் தாளில் முதல் இரண்டு கேள்விக்கும் இவளுக்கு டிக் அடிக்கலாம். கண்ணுக்குக் கீழே கருப்பு. எனக்குப் பாவமாக இருந்தது, கேட்காவிட்டால் சொல்லாதே என்கிற முறையை மீறி நானே குரலை இறக்கி, "என்ன கேஸுன்னு சொல்லட்டுமா" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி கனைத்தார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம்மா. மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் அதுதான் கேக்கும். வேற எதுவும் கேக்காது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு என்னவோ கூச்சமாகிவிட்டது, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அதுதான் கேட்கும் என்றால் என்ன அர்த்தம். அந்த உயரப் பையனுக்கு நான் சொன்னதுதான் கேட்டதா. அப்படியானால் அவன் காதில் குழாய் எதற்கு.

எனக்கு ஒரு பாடம் உண்டு. என்ன தொந்தரவு என்று கேட்டால் சொல்ல வேண்டியது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சமதரையில் நடந்தால் ஒன்றும் இல்லை, ஒரு தலையணைதான் வைத்துப் படுப்பேன், படபடப்பு கிடையாது, காலில் வீக்கம் கிடையாது, சின்ன வயதில் காய்ச்சல், முட்டி வீக்கம், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. எட்டு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகச் சொன்னது, பிள்ளைகள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதைப் பார்த்துப் பார்த்து வாய்ப்பாடாகிவிட்டது, இப்போதெல்லாம் நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இவளிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "நேத்து என்ன பண்ணீங்கம்மா? எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்களேன்" என்றாள். நேற்றா. நேற்றைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. நேற்று என்ன, எல்லா நாளும் போலத்தான். எழுந்து, வாசல் தெளித்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்புப் பற்றவைத்து, குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து. "குழாய் எவ்ளோ தூரம்?" பக்கந்தான், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். "குடத்த வச்சுட்டு நடுவுல நிப்பீங்களா?" மரத்தடியில் கொஞ்சம் உட்காருவேன். "ஒரு தடவையா?" இரண்டு தடவை. இரண்டு தடவை என்று என் வாய் சொல்லித்தான் என் காது கேட்டது. "போன வருஷம் உட்கார்ந்தீங்களா?" போன வருஷம் அந்தக் கல்லே அங்கே கிடையாது, நான்தான் உருட்டிக்கொண்டுவந்து போட்டேன், பாக்கியம்கூடக் கேட்டாள், எதுக்குடி இது குறுக்கே என்று. இதைச் சொல்லவில்லை. அரிசி களைந்து போட்டபின் மூட்டைமேல் சாய்ந்துகொண்டது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது, வீட்டுக்காரர் மோட்டார் ரூம் வேலை முடிந்து வந்து, ஏன் இப்படி உட்கார்ந்து தூங்குறே என்று எழுப்பியது, ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது, நூல்கண்டு உருண்டு ஓடுகிற மாதிரி. அவள் முதலில் எழுதினதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதினாள். என் எட்டு வருஷத்துப் பாடம் கோட்டுக்கு அடியில் கிடந்தது. எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும், ஆனால் எட்டிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. என்னைப் பற்றி அவள் என்ன எழுதுகிறாள்.

இப்போது மணிக்கட்டு. மூன்று விரல். மற்றவர்கள் எல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து கடிகாரத்தைப் பார்த்து உதட்டை அசைத்து எண்ணினாள். பத்து நொடி போயிற்று, அரை நிமிஷம் போயிற்று, விரலை எடுக்கவில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. மறுபடி முதலிலிருந்து. அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சவரியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது, வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. சவரியம்மாள் எனக்கு முன்னால் இந்த ஹாலுக்கு வந்துகொண்டிருந்தவள், அவளுக்கும் இதே வால்வு, மூன்றாம் கட்டில், வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பரீட்சை முடியும்வரை துப்பாமல் இருப்பாள். ஒரு வருஷம் அவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், பெரிய சார் பாடம் எடுத்தார், இர்ரெகுலர்லி இர்ரெகுலர் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், ஸ்தோத்திரம் மாதிரி. நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். துடிப்பு இப்படித் தாறுமாறாகப் போனால் உள்ளே ரத்தம் தேங்கும், தேங்கினது உறையும், உறைந்தது ஒரு நாள் கிளம்பி மூளைக்குப் போகும் என்று பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார், மாத்திரை ஒழுங்காகப் போட்டால் தடுக்கலாம் என்றும் சொன்னார், அதை நான் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை, முதலில் சொன்னதுதான் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷமும் சவரியம்மாள் வந்தாள். மூன்றாம் கட்டிலுக்கு இல்லை, கடைசிக் கட்டிலுக்கு. நரம்புக் கேஸ் படுக்கிற கட்டில் அது. ஒரு பக்கம் வாய் கோணி, வலது கை துணிமாதிரிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாதிதான் சிரித்தது. பிள்ளைகள் அவள் உள்ளங்காலைச் சாவியால் கீறி விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார்கள். கேஸ் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதற்கடுத்த வருஷம் அவள் வரவில்லை, ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. சாவி, ஆமாம், சாவி. முட்டை அவிய இருபது நிமிஷம், உரிக்க அரை மணி.

அவள் இப்போது குழாயை நெஞ்சில் வைத்து எண்ணுகிறாள். ஒரு நிமிஷம். பிறகு மறுபடி மணிக்கட்டில் ஒரு நிமிஷம். இரண்டையும் எழுதுகிறாள், தலைகீழாகத் தெரிகிறது, மேலே இருக்கிற எண் பெரிது, கீழே இருப்பது சின்னது. நெஞ்சு அடிக்கிறது எல்லாம் கைக்கு வரவில்லையா. வழியில் எங்கே போகிறது. கேட்க ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது, எது அதிகம் என்று தெரியவில்லை. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னாள், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன், அவ்வளவு அமைதியில் அண்ணாச்சியின் வயிற்றில் யாரோ தட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, உங்களுக்கு நெஞ்சு தாறுமாறா அடிக்கிற மாதிரி எப்பவாச்சும் இருந்திருக்கா?" என்றாள். இல்லை என்றேன். அவள் முடிக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க. அவசரம் இல்ல." அவளுக்கு அவசரம்தான், பத்து நிமிஷம்தான் பாக்கி என்று வெளியே குரல் கொடுத்தாயிற்று. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைம்மா என்றேன் மறுபடியும். அவள் தாளைப் பார்த்தபடி என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிப் பேசினாள். "வெளிய எல்லாரும் நாலாம் கட்டில் ரெகுலர்னுதான் சொல்றாங்க. எனக்கு அப்படி இல்ல. போன தடவையும் எனக்குக் கேட்டதத்தான் சொன்னேன். அது தப்பாப்போச்சு. ஆறு மாசம் வீட்ல யாரு முகத்தையும் பார்க்க முடியல." பிறகு லேசாகச் சிரித்து, "சாரிம்மா, உங்ககிட்டப் போய்ச் சொல்றேன் பாருங்க" என்றாள். இது அவள் இரண்டாவது தடவை எழுதுகிற பரீட்சை. நான் எழுதாமல் விட்டது ஒரு பரீட்சை. சொல்லிவிடலாம், தவிட்டுக்குருவி, பஸ், வேப்பமரக் கல். சொன்னால் அவள் விரல் சரி, அவள் விரல் சரி என்றால் நான் சவரியம்மாள். நான் வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது.

சார்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பெரிய சார், இன்னொருவர் வெளியூர்க் கல்லூரியிலிருந்து பரீட்சை எடுக்க வந்தவர், ஒல்லி, கிராம்பு வாசனை. பின்னால் முகிலன் டாக்டர் தாள் கட்டோடு. சார்கள் இருக்கும்போது கேஸ் பேசக்கூடாது. எட்டு வருஷத்தில் நான் பேசினதில்லை, கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு காரை பெயர்ந்த இடம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரிஸ்வானா எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள். ஜெயக்கொடி, நாற்பத்தெட்டு வயது, சத்துணவு மையத்தில் வேலை. குழாயடி, குடம், மரம் எல்லாம் இங்கிலீஷில் போயிற்று, மரத்துக்கு மட்டும் ட்ரீ என்று கேட்டது. வெளியூர் சார் தலையை ஆட்டினார். பிறகு பல்ஸ் என்றாள். நின்றாள். காரை பெயர்ந்த இடம் ஒரு ஆடு மாதிரி இருக்கும், இன்றைக்கு ஆடு தெரியவில்லை. "சொல்லும்மா" என்றார் வெளியூர் சார். "இர்ரெகுலர்லி இர்ரெகுலர் சார்" என்றாள். தாள் புரளுகிற சத்தம். பெரிய சார், "காலைல பார்த்திருக்கோம். ரெகுலர்னு போட்டிருக்கு. இதுக்கு முன்ன வந்த பையனும் அதத்தான் சொன்னான். எண்ணினியா?" என்றார். "எண்ணினேன் சார். முழு நிமிஷம். ரெண்டு தடவ." "பேஷன்டுக்குப் படபடப்பு உண்டா?" "இல்லன்னாங்க சார்." "பின்ன?" அவள் என் பக்கம் திரும்பவில்லை. இவங்க மறைக்கிறாங்க சார் என்று சொல்லியிருக்கலாம், குடத்தை வைத்துவிட்டு உட்காருகிற பொம்பளைக்குப் படபடப்பு இல்லாமலா இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். "எனக்கு அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றாள், குரல் கீழே போய்விட்டது, பெரிய சார் பேனாவைத் திறந்தார், என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியும், பேனா திறக்கிற விதத்திலேயே தெரியும்.

"சார்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, கேஸ் இருமினதாக நினைத்திருப்பார்கள். கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டினேன். "சார், அந்தப் பிள்ளைகிட்ட நான்தான் பொய் சொன்னேன். மூணு வாரமா அடிச்சுக்குது. வருது, போகுது. காலைல வந்த தம்பிக்கு நான் போன வருஷத்தச் சொல்லிக்குடுத்துட்டேன். கையப் பிடிச்சுப் பாருங்க." திரைக்கு அந்தப் பக்கம் வயிற்றில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. வெளியூர் சார் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் காய்ந்து சூடாக இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வருகிறது போகிறது என்று நானே சொன்னேனே, இப்போது போயிருந்தால். இத்தனை நேரம் இருந்துவிட்டு இந்த நிமிஷம் பார்த்து ஒழுங்காகிவிட்டிருந்தால். பிள்ளையும் போயிற்று, என் வார்த்தையும் போயிற்று. மூன்று வாரமாக நில்லு நில்லு என்று கெஞ்சினதை இப்போது நிற்காதே என்று கெஞ்சினேன். அடித்துக்கொள், குருவி, தாறுமாறாகவே அடி, இந்த ஒரு நிமிஷம். என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சவரியம்மாளின் பாதிச் சிரிப்பு தெரிந்தது, அதையும் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். இன்னொன்றும் இருந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ள அப்படி ஒரு ஆவல், ஏழாம் வகுப்பில் டீச்சர் திருத்தின நோட்டை மேஜையிலிருந்து எடுக்கும்போது வருமே, அது.

அவர் கையை விடாமல் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் வந்து மற்றக் கையைப் பிடித்தார். இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க நடுவில் நான் படுத்திருந்தேன். பெரிய சார் முகிலன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார், முகிலன் டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. "முடிஞ்சதும் ஈ.சி.ஜி. எடுங்க. இன்னைக்கே அட்மிஷன்" என்றார் பெரிய சார். வெளியூர் சார் என் கையைப் பத்திரமாகப் போர்வைமேல் வைத்தார். "ம், மேல சொல்லும்மா" என்றார் ரிஸ்வானாவிடம். அவள் சொன்னாள். குரல் மேலே வந்துவிட்டது. என்னென்ன ஆகலாம் என்று கேட்டார், அவள் அடுக்கினாள், மூளை என்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை எனக்குத் தெரியும், அது வந்தது. எப்படித் தடுப்பாய் என்று கேட்டார். அதற்கும் அவள் சொன்னாள், ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து சொன்னாள், நான் போன தடவை காதில் வாங்காமல் விட்ட பாகம் அதுதான், இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், பாதி புரியவில்லை, அவ்வளவு நீளமாக அந்தப் பாகம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. சார்கள் நகர்ந்தார்கள். அவள் சுத்தியல், டார்ச், டேப் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டாள். கண் நனைந்திருந்தது. "பாஸாம்மா" என்று கேட்டேன். "தெரியலம்மா, சாயங்காலம்தான் சொல்வாங்க" என்றாள். "நீங்க இனிமே குடுக்குற மாத்திரைய விட்றாதீங்க" என்றாள். என் கால்மாட்டில் சுருண்டிருந்த போர்வையை இழுத்துவிட்டுவிட்டுப் போனாள்.

சக்கர நாற்காலி வந்திருக்கிறது. நாலாம் கட்டிலுக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள். திரையை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார், வயிறு முதலில் வந்தது, பிறகு முகம். "என்ன தாயி, எட்டு வருஷமா வாயத் தொறக்காத கேள்வித்தாளு இன்னைக்கு ஹால்ல பேசிருச்சு. முறையெல்லாம் ஒடச்சுட்டியே" என்றார். "அந்த முறையில தப்பு இருக்கு அண்ணாச்சி" என்றேன். "நாம சொல்றதத்தான் கேக்குறாங்க. வேற எதுவும் கேக்கல." அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "அப்ப என் கல்லீரலும் நான் சொல்ற மாதிரிதான் இருக்கா, இல்ல வேற மாதிரியா" என்றார், கேலியாக ஆரம்பித்தவர் கேலியாக முடிக்கவில்லை. சாவியை அவிழ்த்துப் பார்த்தேன். லீலாவதி அக்காவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. அமைப்பாளர் இல்லையா, எல்லா அறைக்கும் ஒன்று அவரிடம் உண்டு, நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. காலையிலிருந்து அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் இதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்நேரம் முட்டை அவிந்திருக்கும். நாற்காலியைத் தள்ளுகிற அம்மா இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை வைத்த மாதிரியே மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறேன். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கீழே இறக்கினால் இருக்கிறது. ஒன்று, இரண்டு, உடனே இன்னொன்று, பிறகு ஒன்றும் இல்லை, பிறகு நாலு வேகமாக. இதில் ஏதாவது வரிசை இருக்குமா என்று மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு. பிறகு ஒன்றும் இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று, விரலை எடுக்காமல், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.